மெழுகுவர்த்திக்குத் திருகு எங்கே?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



மெழுகுவர்த்தி செய்வது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் மெழுகைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்து அச்சு. அதற்கடுத்து கலர், வாசனை. கடைசியில், "நடுவுல ஒரு நூலைப் போட்டுக்கிட வேண்டியதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த 'ஒரு நூல்' பற்றியதே இக்கட்டுரை. மெழுகுவர்த்தியில் மிகக் குறைந்த காசுக்குக் கிடைப்பது திரிதான். ஆனால் வர்த்தி நன்றாக எரியுமா, புகையுமா, பாதியில் அணையுமா என்று தீர்மானிப்பதும் அதே திரிதான்!

நம்மில் பலருடைய வீட்டுப் பரணில் ஒரு பழைய அரிக்கேன் விளக்கு தூங்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. வெளிச்சம் குறைந்தால் திரியை ஏற்றலாம், புகைந்தால் இறக்கலாம். மெழுகுவர்த்தியில் அப்படி ஏதாவது திருகு இருக்கிறதா? கிடையாது. ஒரு தடவை வார்த்துவிட்டால் அதன் தலையெழுத்து முடிந்தது. ஆகவே அந்தத் திருகை நாம் வார்ப்பதற்கு முன்பே சரியாகத் திருகி வைத்துவிட வேண்டும். இந்த அச்சுக்கு எந்தப் பருமனில் திரி என்று முடிவு செய்வதுதான் அந்தத் திருகு.

எரிவது எது?

திரிதான் எரிகிறது, மெழுகு அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்திருப்போம். உண்மை அதுவல்ல. எரிவது மெழுகு. அதுவும் கட்டி மெழுகு அல்ல, உருகிய மெழுகும் அல்ல. ஆவியாகிப்போன மெழுகு!

நம்பிக்கை இல்லையென்றால் இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மெழுகுவர்த்தியைப் பத்து நிமிடம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல்போல் எழும்பும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல், இரண்டு சென்டிமீட்டர் மேலே, அந்தப் புகையில் காட்டுங்கள். சுடர் புகை வழியாகக் கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகைதான் மெழுகின் ஆவி.

இதைப் பொதுமக்கள் முன் செய்து காட்டியவர் யார் தெரியுமா? மோட்டார், ஜெனரேட்டர் பாடத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே மைக்கேல் பாரடே! 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அவர், 1860-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்கென்று மெழுகுவர்த்தியையே பொருளாக வைத்துக்கொண்டு தொடர்ச்சியாக ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். 1861-ல் அவை புத்தகமாகவும் வந்தன. பாரடேயின் அப்பா கொல்லுப்பட்டறைத் தொழிலாளி. பாரடே 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகப் போனவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானி ஆனவர். என்னைப்போல் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள் அவர் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

சரி, கட்டியாக இருக்கும் மெழுகு சுடருக்குள் எப்படிப் போகிறது? சுடரின் சூடு பட்டு மேல்பரப்பு மெழுகு உருகிக் குளம்போல் நிற்கிறது. திரி என்பது பல பருத்தி இழைகளின் பின்னல். இழைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சந்துகள். முதலாமாண்டு இயற்பியலில் பரப்பு இழுவிசை பாடத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக ஏறும் என்று படித்தோம் அல்லவா? அதேபோல் உருகிய மெழுகு அந்தச் சந்துகள் வழியாக மேலே ஏறுகிறது. உச்சிக்கு வந்ததும் ஆவியாகி, காற்றோடு சேர்ந்து எரிகிறது. அந்தச் சூட்டில் அடுத்த மெழுகு உருகுகிறது. இப்படியே சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம பாஷையில் சொன்னால், திரி ஒரு பம்பு. மெழுகு எரிபொருள். 5 ஹெச்.பி. மோட்டார் தேவைப்படும் கிணற்றில் 1 ஹெச்.பி. மோட்டாரை இறக்கினால் என்ன ஆகும்? வயல் காயும். சின்ன வாய்க்காலுக்குப் பெரிய மோட்டாரை வைத்தால்? வரப்பு உடையும். மெழுகுவர்த்தியிலும் இதேதான் நடக்கிறது.

தூண்டுகோல் கேட்காத திரி

"எங்க பாட்டி பஞ்சைத் தொடையில வச்சு உருட்டித் திரி போடுவாங்களே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கோயில் விளக்குக்கு அது போதும். எண்ணெய் ஏற்கெனவே திரவம். மேலும் அணையப் போகும்போது திரியைத் தூண்டிவிட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறார். விளக்கோடு ஒரு தூண்டுகோலும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்கிய திரி எரிய எரிய நுனியில் கரி கட்டும். அதைத் தட்டிவிட்டால்தான் சுடர் நிமிரும்.

மெழுகுவர்த்தியிலும் ஒரு காலத்தில் முறுக்கிய நூல்தான் இருந்தது. ஐரோப்பாவில் கரிந்த நுனியை அவ்வப்போது வெட்டிவிடுவதற்கென்றே கத்தரிக்கோல் போன்ற ஒரு கருவியை வீட்டுக்கு வீடு வைத்திருந்தார்கள். 1825-ல் பிரான்சு நாட்டுக்காரரான கம்பாசெரே என்பவர் நூலை முறுக்காமல் சடைபோல் பின்னித் திரியாகப் போட்டார். பின்னிய திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த நுனி சுடரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்துவிடுகிறது. சுடரின் நடுவில் ஆக்சிஜன் போதாது. ஓரத்தில் ஆக்சிஜனும் உண்டு, கடும் சூடும் உண்டு. அதனால் நுனி அங்கேயே எரிந்து சாம்பலாகிவிடுகிறது. வெட்ட ஆள் தேவையில்லை. தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் திரி!

ஆகவே முதல் விதி: வார்ப்பு மெழுகுவர்த்திக்குப் பின்னிய பருத்தித் திரியே வேண்டும். முறுக்கிய நூல், பூக்கட்டும் நூல், சணல் எதுவும் ஒத்துவராது. பின்னலிலும் இரண்டு வகை பொதுவாகக் கிடைக்கும். ஒன்று தட்டைப் பின்னல். மூன்று புரியாகப் பின்னியது, ஜடை மாதிரி. ஒல்லியான வர்த்திகளுக்கு இது நன்று. மற்றது சதுரப் பின்னல். கொஞ்சம் உருண்டு திரண்டு நிமிர்ந்து நிற்கும். பருத்த வர்த்திகளுக்கும் தேன்மெழுகுக்கும் இது ஏற்றது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றும் வகைக்கு நடுவில் காகிதமோ பருத்தியோ வைத்துப் பின்னிய விறைப்பான திரி வருகிறது. அச்சில் வார்த்தெடுத்துத் தனியாக நிற்கும் வர்த்திக்கு அது அவசியமில்லை.

எங்கள் தெருவில் நடந்தது

நான் இந்த விஷயத்துக்குள் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். தென்காசி, கடையம், கடையநல்லூர் பக்கத்து நண்பர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. என் அம்மாவும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எனக்கு ஃபீஸ் கட்டுகிறார். புகையிலைத் தூசியில் உட்கார்ந்து உட்கார்ந்து இருமல், இடுப்புவலி. வேறு ஏதாவது தொழில் கிடைக்காதா என்று சுய உதவிக் குழுவில் பேசி, மெழுகுவர்த்தி அச்சு வாங்கினார்கள். இரண்டு அளவு. ஒன்று சாதாரண ஒல்லி வர்த்தி, 2 சென்டிமீட்டர் அகலம். இன்னொன்று பருத்த வர்த்தி, 5 சென்டிமீட்டர். திரி மட்டும் இரண்டுக்கும் ஒரே கண்டில் இருந்து.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்காக ஒரு கடைக்குக் கொடுத்தார்கள். ஒல்லி வர்த்தி எல்லாம் விற்றுப்போயிற்று. பருத்த வர்த்தி மட்டும் பெட்டியோடு திரும்பி வந்தது. "கொளுத்துன அரை மணி நேரத்துல அணைஞ்சு போகுதாம்" என்றார்கள். போட்டிருந்த பணம் குழுக் கடன்.

அன்று ராத்திரி அம்மா என்னிடம், "ஏட்டி, நீதானே கரண்டு படிப்பு படிக்க. இது ஏன் அவிஞ்சு அவிஞ்சு போகுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு பாரம், பேங்க் சலான், வட்டிக் கணக்கு எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆனால் படித்த பாடத்தை வைத்துப் பதில் சொல் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மெழுகு மட்டமோ, கலப்படமோ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பதில் அச்சின் அகலத்தில் இருந்தது.

அகலம் இரண்டரை மடங்கு, மெழுகு ஆறேகால் மடங்கு!

வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக் கணக்கு. 2 செ.மீ. வர்த்தியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 3.14 கன செ.மீ. மெழுகு உண்டு. மெழுகின் அடர்த்தி சுமார் 0.9. எனவே எடை 2.8 கிராம். 5 செ.மீ. வர்த்தியில் அதே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 19.6 கன செ.மீ.; எடை 17.6 கிராம். அகலம் இரண்டரை மடங்குதான் கூடியிருக்கிறது, மெழுகோ ஆறேகால் மடங்கு!

ஒரு திரி மணிக்கு எவ்வளவு மெழுகை எரிக்கும்? இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. வெளிச்சத்தை அளக்க இங்கிலாந்தில் 1860-ல் சட்டப்படி நிர்ணயித்த 'மெழுகுவர்த்தித் திறன்' என்ற அலகு, மணிக்கு 120 கிரெய்ன் எரியும் திமிங்கிலக் கொழுப்பு மெழுகுவர்த்தியை அடிப்படையாகக் கொண்டது. அதாவது மணிக்கு சுமார் 7.8 கிராம். இன்று நாம் ஒளிச்செறிவுக்குப் படிக்கும் கேண்டெலா என்ற அலகின் பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

மணிக்கு 7.8 கிராம் எரிக்கும் திரியை 2 செ.மீ. வர்த்தியில் போட்டால் அது மணிக்கு 2.8 செ.மீ. குறையும். 5 செ.மீ. வர்த்தியில் அரை செ.மீ. கூடக் குறையாது. ஒல்லி வர்த்திக்கென்று போட்ட மெல்லிய திரியின் சிறு சுடர், பருத்த வர்த்தியின் நடுவே மட்டும் குழி பறிக்கும். ஓரத்து மெழுகு உருகாமல் கிணற்றுச் சுவர்போல் நிற்கும். உருகிய மெழுகு வெளியே போக வழியின்றி அந்தக் குழியில் ஏறி, திரியையே மூழ்கடித்துவிடும். அணைந்தது இப்படித்தான்!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தடித்த திரியாகப் போட்டுவிட்டால்? அதுவும் ஆபத்து. பாரபின் மெழுகின் ஒரு மூலக்கூறை C25H52 என்று வைத்துக்கொண்டால், அது முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. கிராம் கணக்கில் பார்த்தால் 1 கிராம் மெழுகுக்குச் சுமார் 15 கிராம் காற்று, அதாவது 12 லிட்டருக்கும் மேல்! திரி அளவுக்கு மீறி மெழுகை ஏற்றினால் சுடரைச் சுற்றியுள்ள காற்று ஈடுகொடுக்க முடியாது. எரியாத கரி புகையாகப் போகும். சுவர் கறுக்கும், நுனியில் காளான் மாதிரி கரி உருண்டை கட்டும், மெழுகு ஓரம் உடைந்து வழிந்து மேஜையெல்லாம் கொட்டும்.

மேலும் ஒரு செய்தி. 10 செ.மீ. போல மிக அகலமான அச்சு என்றால் ஒரே தடித்த திரிக்குப் பதில் இரண்டு மூன்று நடுத்தரத் திரிகளை இடைவெளி விட்டுப் போடுவதே நல்லது.

கடையில் நூலைப் பார்ப்பது எப்படி?

கடைக்காரர் "எல்லாம் காட்டன்தான்மா" என்பார். நாம் சோதித்துக்கொள்வோம்.

1. எரித்துப் பார்த்தல்: ஒரு விரல் நீளம் வெட்டிக் கொளுத்துங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனை வரும். சாம்பல் மெத்தென்று பொடியாகும். நைலான், பாலியெஸ்டர் கலந்திருந்தால் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணிபோல் உருண்டுவிடும். அந்த நூல் திரிக்கு ஆகாது. உருகிப் போகிற நூலில் மெழுகு ஏறாது.

2. கம்பி இருந்தால் உரசிப் பார்த்தல்: சில திரிகளின் நடுவில் மெல்லிய உலோகக் கம்பி இருக்கும். பஞ்சை நீக்கிவிட்டுக் கம்பியை வெள்ளைத் தாளில் உரசுங்கள். பென்சில் கோடுபோல் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தால் அது ஈயம். ஈயப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அமெரிக்காவில் 2003-லேயே ஈயக் கம்பித் திரியைத் தடை செய்துவிட்டார்கள். நமக்கு எந்தக் கம்பியும் வேண்டாம்.

3. கஞ்சி இருக்கிறதா: நெசவுக்குப் போகும் பாவு நூலில் கஞ்சி போட்டிருப்பார்கள். சங்கரன்கோவில் தறிக்கூடங்களிலோ, ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலோ மிச்ச நூல் வாங்கி நாமே பின்னிக்கொள்ளலாம் என்ற யோசனை எங்கள் குழுவில் வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கஞ்சி நூலின் சந்துகளை அடைக்கும். எரியும்போது கரியும் கட்டும். வெந்நீரில் நன்றாக அலசி, உலர்த்தி, அதன் பிறகே பின்ன வேண்டும்.

4. இழைக் கணக்கு: திரி எத்தனை இழை என்ற கணக்கில் விற்கப்படும். எண் கூடக் கூடப் பருமன் கூடும். ஆனால் ஒரு கம்பெனி இழையின் தடிமன் இன்னொரு கம்பெனியில் இராது. எனவே எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பத்துப் பத்து மீட்டர் வாங்குங்கள். ஏன் மூன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரிக்கும் பாடம் பண்ண வேண்டும்

வாங்கிய திரியை அப்படியே போடலாம். பாடம் பண்ணிப் போட்டால் இன்னும் நன்றாக எரியும். ஒரு கப் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி உப்பு, இரண்டு மேஜைக்கரண்டி வெங்காரம் கரைத்து, திரியை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் எடுத்து நிழலில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். தொழிற்சாலைகளில் கேரம் போர்டில் தூவுவோமே, அந்தப் போரிக் அமிலத்தையும் இதற்குப் பயன்படுத்துவது உண்டு. இந்த உப்புகள் திரி கண்டபடி கரிந்து போவதைத் தடுக்கும். அணைத்த பிறகு நுனி கனன்றுகொண்டே இருப்பதையும் குறைக்கும். வெங்காரமும் போரிக்கும் வாயில் போகக்கூடாதவை. சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்குங்கள். சிறு சிறு குமிழ்கள் வரும். அது இழைகளுக்குள் இருந்த காற்றும் ஈரமும். குமிழ் நின்றதும் எடுத்து, இரு முனையையும் பிடித்து இழுத்து நேராக்கி ஆறவிடுங்கள். கம்பிபோல் விறைத்து நிற்கும். இந்த வேலையைத் தவிர்த்தால் முதலில் கொளுத்தும்போது திரி மட்டும் எரிந்து கருகிவிடும். பின்னலில் தெரியும் 'வி' வடிவங்கள் நிமிர்ந்து இருக்கிற பக்கத்தை மேலே வைக்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழக்கம்.

அச்சில் நிறுத்துதல்

திரி எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் நடுவில் நிற்காவிட்டால் பயனில்லை. அரை சென்டிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கச் சுவர் சீக்கிரம் உருகி உடைந்து, மெழுகு வழிந்துவிடும். இரண்டாகப் பிரியும் அலுமினிய அச்சில் திரி போக வெட்டுக் கொடுத்திருப்பார்கள். அதில் இறுக்கமாக இழுத்துச் சுற்றினால் போதும். ஒற்றை அச்சில் அடியில் உள்ள துளை வழியே திரியை விட்டு முடிச்சுப் போட்டு, மேலே விளக்குமாற்று ஈர்க்கை குறுக்கே வைத்து அதில் கட்டுங்கள். தொய்வு கூடாது, வீணைத் தந்திபோல் விண்ணென்று இருக்க வேண்டும்.

பாரபின் மெழுகு ஆறும்போது சுருங்கும். திரியைச் சுற்றிக் குழி விழும்; உள்ளே காற்றறையும் உண்டாகும். சுடர் அங்கே வரும்போது தடுமாறும். எனவே ஓரளவு இறுகியதும் திரியை ஒட்டி ஈர்க்கால் துளையிட்டு, இரண்டாம் முறை மெழுகு ஊற்றுங்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியைப் போட்டு மூடுங்கள்.

மெழுகு மாறினால் திரியும் மாறும்

நமக்குக் கிடைக்கும் பாரபின் மெழுகு பெட்ரோலியத்தைச் சுத்திகரிக்கும்போது வருவது. அஸ்ஸாமின் டிக்பாய், சென்னை மணலி ஆகிய சுத்திகரிப்பு ஆலைகளின் தயாரிப்புகளில் மெழுகும் ஒன்று. சிவகாசி, கோவில்பட்டியில் தீக்குச்சி முனையைத் தோய்ப்பதும் இதே மெழுகில்தான். வர்த்திக்குப் பெரும்பாலும் 58 முதல் 60 டிகிரியில் உருகும் ரகத்தைப் பயன்படுத்துவார்கள். வர்த்தி கெட்டியாக இருக்கவும் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரவும் ஸ்டீரிக் அமிலம் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது உண்டு.

தேன்மெழுகு என்றால் கதையே வேறு. அது உருகினாலும் பாகுபோல் இருக்கும். சந்துகளில் மெதுவாகத்தான் ஏறும். எனவே அதே அச்சுக்கு ஒரு படி தடித்த திரி வேண்டும். கலருக்குக் குழந்தைகளின் மெழுகுக் கிரேயானைச் சுரண்டிப் போடுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள நிறத்தூள் கரையாது. போய்த் திரியை அடைத்துக்கொள்ளும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயமே சரி. வாசனைத் திரவியம் அதிகமானாலும் சுடர் கெடும். தண்ணீர் கலந்த சென்ட் என்றால் படபடவென்று வெடிக்கும். ஆக, மெழுகு, கலர், வாசனை இவற்றில் எதை மாற்றினாலும் திரியை மறுபடி சோதிக்க வேண்டும்.

மூன்று திரிப் பரீட்சை

இனி முக்கியமான கட்டம். எந்தப் புத்தகத்து அட்டவணையும் உங்கள் அச்சுக்கும் உங்கள் மெழுகுக்கும் நேரடியாகப் பொருந்தாது. அட்டவணை தொடக்கத்துக்கு மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியது சுடர்.

ஒரே அச்சு, ஒரே மெழுகு, ஒரே நாள். மூன்று அளவுத் திரியில் மூன்று வர்த்தி வாருங்கள். அடியில் 1, 2, 3 என்று கீறுங்கள். ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள். திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி, எடை போட்டு, காற்றில்லாத அறையில் ஒரே நேரத்தில் கொளுத்துங்கள். 5 செ.மீ. வர்த்தி என்றால் இரண்டு மணி நேரம். அதாவது ஒவ்வொரு இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஒரு மணி என்பது கைவழக்கு. பின்பு உருகிய குளத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, அணைத்து, மறுபடி எடை போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். லேப் ரெக்கார்டு எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையா என்ன?

விடையைப் படிப்பது இப்படி:

குளம் ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் நின்று, சுடர் ஓர் அங்குல உயரத்தை ஒட்டி அசையாமல் இருந்தால், திரி சரி.

நடுவில் குழி பறித்து, சுடர் குன்றி, மூழ்கி அணைந்தால், திரி மெல்லியது. ஒரு படி ஏற்றுங்கள்.

சுடர் நீண்டு நடுங்கிப் புகைந்தால், நுனியில் காளான் கட்டினால், ஓரம் உடைந்து வழிந்தால், திரி தடித்தது. ஒரு படி இறக்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் உருகினால், அளவு சரியாக இருக்கலாம். திரி நடுவில் இல்லை.

படபடவென்று தெறித்தால், திரியிலோ மெழுகிலோ ஈரம்.

ஆரம்பத்தில் நன்றாக எரிந்து பாதியில் சுணங்கினால், கலரோ தூசியோ திரியை அடைக்கிறது.

ஜெயித்த திரியை அடிவரை எரித்துப் பார்த்த பிறகே மொத்தமாக வார்க்க வேண்டும்.

எங்கள் தெருவிலும் இதைத்தான் செய்தோம். பழைய திரியோடு, அதைவிடத் தடித்த இரண்டு. எதிர்பார்த்தபடி பழையது மூழ்கியது. மிகத் தடித்தது புகைந்தது. நடுவிலுள்ளது நின்று எரிந்தது. பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஏழெட்டுப் பெண்கள் ஸ்கேலும் கையுமாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெழுகில் ஒரு நன்மை உண்டு. தவறிய சரக்கை உருக்கி மறுபடி வார்க்கலாம். திரும்பி வந்த பெட்டி முழுவதும் அப்படியே மறு வார்ப்பாகி, கிறிஸ்துமஸுக்கு விற்றது. அச்சுக்கு ஒரு திரி என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பீடியை இன்னும் விடவில்லை. விடுகிற அளவுக்கு வருமானமும் வரவில்லை. ஆனால் குழுக் கடன் தவணை தவறாமல் போகிறது.

குற்றாலச் சாரலும் கோடை வெயிலும்

நம் ஊருக்கென்று சில சங்கதிகள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நாம் அறிவோம். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதே அந்தக் காற்றில்தான். அறைக்குள் நேராக நின்ற சுடர் அக்காற்றில் சாயும். சாய்ந்த பக்கம் ஓரம் உடையும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அலங்கார வர்த்தி விற்க நினைப்பவர்கள், தம்ளருக்குள் வைத்து எரிக்கச் சொல்லி ஒரு சீட்டு இணைப்பது நல்லது. கல்லறைத் தோட்டம்போல் திறந்த வெளியில் எரிப்பதற்கான வர்த்தியை அங்கேயே ஒரு மாலை வைத்துச் சோதித்துவிடுங்கள். வீட்டுக்குள் எழுதிய பரீட்சையின் மார்க் அங்கே செல்லாது.

சாரல் நாட்களில் பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். திரியை மெழுகில் முக்கிய பிறகு டப்பாவில் அடைத்து வையுங்கள். மாறாக, ஏப்ரல், மே வெயிலில் தகர ஷெட்டுக்குள் அடுக்கிய வர்த்திகள் மெத்தென்று ஆகி வளையும். வளைந்த வர்த்தியில் திரியும் நடுவை விட்டு விலகும். நிழலில், படுக்கை வாட்டில் அடுக்குங்கள்.

முடிவாக...

கரண்டு போனால் மெழுகுவர்த்தி என்ற காலம் போய்விட்டது. இன்வெர்ட்டரும் சார்ஜ் லைட்டும் வந்துவிட்டன. இன்று மெழுகுவர்த்தி வாங்குகிறவர் பிரார்த்தனைக்கோ, பிறந்தநாளுக்கோ, நினைவுக்கோ வாங்குகிறார். அந்தச் சுடர் பாதியில் அணைந்தால் அவருக்கு மனசு சுருங்கும். மறுமுறை நம்மிடம் வரமாட்டார். ஒரு வர்த்திக்கான திரியின் விலை சில காசுகள். அந்தச் சில காசில் மிச்சம் பிடிக்கப் போய் மொத்த மெழுகையும் இழப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

நண்பர்களே! நம்மில் எத்தனையோ பேருடைய வீட்டில் அம்மாவோ, அக்காவோ, அத்தையோ ஏதாவதொரு கைத்தொழில் செய்கிறார்கள். ஊதுபத்தி, அப்பளம், பாய், கயிறு, எதுவானாலும் அதற்குள் நாம் படித்த இயற்பியலும் வேதியியலும் கணக்கும் ஒளிந்திருக்கின்றன. டிப்ளமோ முடித்து வேலை கிடைத்த பின்தான் படிப்பு பயன்படும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு ஸ்கேல், ஒரு தராசு, ஒரு நோட்டு. மூன்றை வார்த்து, அளந்து, எழுதிப் பாருங்கள். எது சரி என்பதைச் சுடரே சொல்லும்.

முயல்வோம்!